ஜெயத்தின் போனுக்கு வந்த ஆறு எண்

வானூர்ப் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுக்கப் போகிற ஜெயத்துக்குப் பொய் பேச வராது. ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். அவள் மூன்று தடவை பொய் சொன்ன கதை இது. இதைச் சொல்கிற எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

புருஷன் தேவசகாயம் பெயின்டர். குடி கிடையாது, பீடி கிடையாது. போனில் காசு வைத்து ரம்மி மட்டும். பைபிள் மேல் கை வைத்து, விட்டுவிட்டேன் என்றான். நாய் வாலை நிமிர்த்தவா முடியும்?

மகள் அஸ்வினி திண்டிவனத்தில் நர்சிங் படிக்கிறாள். முதல் வருஷ ஃபீஸை ரம்மி விழுங்கியது. ஜெயம் தோட்டை விற்றுக் கட்டினாள். இரண்டாம் வருஷப் பணம் அவன் பேங்க் கணக்கில்தான் கிடந்தது.

2025 தொடக்கத்தில் அரசு ஒரு விதி போட்டது. ஆடுகிறவர் ஆதாரைக் காட்ட வேண்டும். ஆதாரில் உள்ள போனுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் ஆட்டம். தேவசகாயம் மாசத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவன். அதனால் ஆதார் முகாமில் பெண்டாட்டி நம்பரைத்தான் கொடுத்திருந்தான்.

வயலில் இருந்தவளுக்குப் போன் வந்தது.

"ஜெயம், ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும். ஜல்தி சொல்லு."

"எதுக்கு?"

"ரேஷன் கார்டுக்கு."

மெசேஜில் ரேஷன் என்ற பேச்சே இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைசி எண்ணை மாற்றிச் சொன்னாள். மறுபடி கேட்டான், மறுபடி மாற்றினாள். மூன்றாம் தடவையும் மாற்றித்தான் சொன்னாள். "பேஜாரு புடிச்ச கவர்மென்ட்டு" என்று திட்டிவிட்டு வைத்தான்.

பத்து நாள் கழித்து கேஸ் சிலிண்டர் வந்தது. வண்டிக்காரர் கேட்க, போனுக்கு வந்த எண்ணை ஜெயம் படித்தாள். ஒரே தடவையில் சரியாகிவிட்டது. தேவசகாயம் அவளையே பார்த்தான்.

"எனக்கு மட்டும் மூணு வாட்டியும் தப்பா வந்துச்சே, எப்பிடி?"

அடி விழும் என்றுதான் பயந்தாள். ஆனாலும் சொன்னாள்.

"தெரிஞ்சுதான்யா மாத்திச் சொன்னேன். அது பொண்ணு ஃபீஸு."

அவன் சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு போனான். அடுப்பில் மாட்டிவிட்டு வெளியே வந்தான். வந்ததும், "நாளைக்கே எடுத்துக் குடுக்கிறேன், திண்டிவனம் போய்க் கட்டிடு. என்கிட்ட இருந்தா நிக்காது" என்றான். ஜெயம் அப்போதுதான் அழுதாள்.

ஆதாரில் பெண்டாட்டி நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட விழுப்புரம் போய் வந்தால் போதும். இன்றுவரை அவன் அதற்காக ஒரு நாள் லீவு போடவில்லை.