மங்களா அக்கா போட்ட தண்டவாளம்

போன மாதம் ஒரு புதன்கிழமை ரவாங் ஊரில் வேலையில் இருந்தேன். நம் குழுவின் வாட்ஸ்அப்பில் அக்காவின் கணவர் சேகர் அண்ணன் ஒரே வரி போட்டிருந்தார்: "மங்களா காலையில தவறிட்டா." கிளினிக்குக் கிளம்பும்போது வாசலில் மயங்கி விழுந்திருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. அந்த வரிக்கான என் பதிலை இப்போது எழுதுகிறேன்.

ஈஜோக் ஊரில் பாலன் வீட்டுக் கொட்டகையில் நாம் ஓட்டும் மாதிரி ரயிலைப் பார்க்க வருகிறவர்கள் ரயிலைத்தான் பார்ப்பார்கள். அக்கா முதல் நாளே குனிந்து, தண்டவாளத்துக்கு நடுவில் கிடந்த கல்லைப் பார்த்தார்.

"இது பச்சப்பயறு சைஸ்ல இருக்கு தம்பி. ரயில நெசமா ஆக்குனா ஒவ்வொரு கல்லும் பலாப்பழம் மாதிரி வரும்லா."

எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் நிஜ ரயில்பாதைப் பராமரிப்பில் வேலை செய்பவன். அவர் பல் கிளினிக்கில் தாதி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அடுத்த வாரம் வீட்டில் சிமெண்டுக்கு வாங்கிய கல்தூளை டீ வடிகட்டியில் சலித்து, ரவை அளவுக்குக் கொண்டுவந்தார். தானே தண்டவாளத்தைப் பூட்டி, அதைத் தாங்கும் கட்டைகளுக்கு நடுவே அந்தக் கல்லைத் தூவி, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஊசி போடும் குழாயால் நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவார். கட்டைமேல் ஒரு கல் ஏறினால்கூட, கிளினிக்கில் கழித்த மழுங்கிய ஊசியால் தள்ளிவிடுவார். ஓர் அடி முடிக்க ஒரு மதியம் ஆகும். "பல் இடுக்குல அழுக்கெடுக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்பார்.

அப்படி இரண்டு மாதம் அவர் போட்ட ஆறு அடியை நான் ஒரு சனிக்கிழமை உளியால் பெயர்த்தேன். தகரக் கூரையின் சூட்டில் தண்டவாளம் நீளும். அக்கா இணைப்புகளில் இடைவெளி விடவில்லை. பாதை நெளிந்து, ரயில் தடம் புரண்டது. மறுநாள் அவர் வருவார் என்று தெரியும். ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

ஞாயிறு வந்து நின்று பார்த்தார்.

"பூகம்பம்க்கா. பேரு தினேஷ்," என்றான் பாலன், என்னைக் காட்டி.

அக்கா சிரிக்கவில்லை. நான் பத்து நிமிடம் வெப்ப விரிவைப் பற்றிப் பாடம் நடத்தினேன். முழுதும் கேட்டார்.

"நீ சொல்றது சரி தம்பி. நாங்களும்தான் பல்லு புடுங்குறோம். ஆனா மொதல்ல மரத்துப்போக ஊசி போடுவோம்."

பெயர்ந்த கல் கட்டிகளை ஒரு மைலோ டின்னில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் வரவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். போன் செய்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், செய்யவில்லை.

மூன்றாம் வாரம் அதே டின்னோடு வந்தார். கட்டிகளை வெந்நீரில் ஊறப்போட்டு, பசையைக் கழுவி, கல்லைக் காயவைத்துச் சலித்திருந்தார். "கல்லு மேல எனக்கு என்ன கோவம்?" என்றார். பிறகு, "எவ்ளோ இடைவெளி விடணும், காட்டு" என்றார். விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொடுத்து, இந்தத் தடிமன் என்றேன். ஒவ்வோர் இணைப்பிலும் அதைச் செருகிப் பார்த்து, ஆறடியையும் மறுபடி போட்டு முடித்தார். அந்தப் பாதை இன்றுவரை நெளியவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

ஜன்னலோரம் இருக்கும் மூன்றடி அவர் முதன்முதலில் போட்டது. அதிலும் இடைவெளி கிடையாது. இந்த மாதச் சூட்டில் தண்டவாளம் மேலே தூக்கிவிட்டது. எடுத்தாக வேண்டும். அக்காவின் காரியம் முடிந்த பிறகு சேகர் அண்ணனிடம் போய், அன்று நான் செய்ததையும் இனிச் செய்யவேண்டியதையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எடு தம்பி. ஒரு சாண் மட்டும் கல்லோட அப்படியே எனக்குக் குடுத்துடு. அவ கை பட்டது."

கேட்டுவிட்டுக் கை வைப்பது: அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான், அதுவும் தாமதமாக. அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்த மூன்றடியை எடுக்க நினைக்கிறேன். அவருடன் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நீங்கள். யாருக்காவது மனம் வரவில்லையென்றால் சொல்லுங்கள், தள்ளிப்போடுகிறேன்.