வளையலில் எடுத்த அளவு

என் மனைவி சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. விரல் கணுக்களெல்லாம் வீங்கி, குக்கர் மூடியைக்கூடத் திறக்க முடியாமல் போனதால் அவன் வந்து கூட்டிக்கொண்டு போனான். "நீங்களும் வாங்கப்பா" என்றான். "மெஷினை யார் பாத்துக்கறது?" என்று கேட்டேன். பெரிய சுரங்க மெஷின் பாருங்கள்! சுரங்க ஒர்க்ஷாப்பில் ரிட்டயர் ஆகி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்துக்கு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டேன். அதற்குள் ஒரு பழைய லேத், ஒரு டிரில் மெஷின், ஒரு கிரைண்டர். அவ்வளவுதான்.

அவள் இருந்தவரை பத்து மணி டீ கொட்டகை வாசலுக்கே வரும். "ஆறிப்பூடும், குடிச்சிட்டு அப்புறம் ராவுங்க" என்பாள். பக்கத்தில் வடக்குத்து கிராமத்துக்காரி, இத்தனை வருஷம் டவுன்ஷிப்பில் குடியிருந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. நான் தலையைத் தூக்காமலே "வை" என்பேன். இப்போது நானே டீ போட்டு, நானே எடுத்து வந்து, நானே ஆறவிடுகிறேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவள் குரல் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

குக்கரைத் திறக்க ஒரு கருவி செய்துவிட்டால் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மூடியின் கைப்பிடியில் மாட்ட ஒரு உறை, அதன் முனையில் ஒரு வளையம். விரலை மடக்கவே வேண்டாம். கையை வளையத்துக்குள் நுழைத்து மணிக்கட்டால் இழுத்தால் போதும். ஆனால் ஸ்டீல் கம்பியைச் சுத்தமான வட்டமாக வளைக்க வேண்டுமே, அதற்கு முதலில் ஒரு ஃபிக்சர் வேண்டும். எங்கள் தொழிலில் அப்படித்தான். சாமான் செய்ய ஒரு நாள், அதைப் பிடித்துக்கொள்கிற சாமானைச் செய்ய ஒரு வாரம்.

வளையத்துக்கு அவள் கை அளவு தெரிய வேண்டும். போனில் கேட்டால் விஷயம் உடைந்துவிடும். பீரோவில் அவள் விட்டுப்போன வளையல் ஒன்று இருந்தது. வெர்னியரை வைத்து நாலு பக்கமும் அளந்தேன். முதலில் வளைத்த இரண்டும் சரியில்லை, கடாசிவிட்டேன். மூன்றாவது துளி கோணல் இல்லாமல் வந்தது. பாலிஷ் போட்டு, லீவுக்கு வந்த மகனிடம் கொடுத்தனுப்பினேன். அவள் வரும்வரை வைத்திருக்கலாம். பொறுமை ஏது எனக்கு?

மறுநாள் நானே போன் செய்தேன். "எப்படி இருக்கு?"

"கை உள்ளயே போவலைங்க."

"அதெப்படி? உன் வளையலை வெச்சுல்ல அளந்தேன்!"

"அது கைல ஏறலன்னுதானே வூட்டுலயே வுட்டுட்டு வந்தேன்? ரெண்டு வருஷமா வெறுங்கையோடதான் இருக்கேன். என் கையப் பாத்து எத்தினி நாளாவுது நீங்க?"

புத்திகெட்டவன், அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்தேனா? "சரி, கையைச் சுத்தி ஒரு நூலைப் புடிச்சு அளவு சொல்லு, வேற செஞ்சிடலாம்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க லேத்தைத் தொடவில்லை. தினமும் என் முன்னால் டம்ளரை நீட்டிய கை அது. வளையல் இல்லாமல் நீட்டியிருக்கிறாள், வீங்கின விரலோடு நீட்டியிருக்கிறாள். நான் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை எதால் அடித்தால் தகும்?

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். என்ன பேசுவதென்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நீ இல்லாம என்னால முடியல. வந்துடு."

அவள் கேட்டாள்:

"இத சொல்றதுக்கு உங்களுக்கு ஏழு மாசமாச்சா?"

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.