நேர்ந்துவிட்ட சேவலின் அலகு

அந்தக் கோழி பிழைத்ததற்கு என் கோபம்தான் காரணம். ஊரில் எல்லோரும் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். “வாத்தியாருக்கு என்னா மனசு” என்றார்கள். நான் மறுக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கிடைக்கிற பாராட்டைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

ஏரியூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் காடு. மானாவாரி நிலத்தை எங்கள் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வோம். வீடும் காட்டிலேயே. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருவருடைய காடும் வீடும். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிடுவார். வேலிக்கு மேலாகக் குழம்பும் மோரும் போய்வந்துகொண்டிருந்த வீடுகள்தான் இரண்டும்.

போன வைகாசியில் அவர் கேழ்வரகுக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். என் கோழிகளில் ஒன்று, சாம்பல் நிறப் பெட்டை, வேலிக்கு அடியில் நுழைந்து போய் விதைத்த மண்ணைக் கிளறியது. இரண்டு தடவை சொன்னார். கூடை போட்டுக் கவிழ்த்திருக்க வேண்டும். நான் கவிழ்க்கவில்லை. மூன்றாம் நாள் அது திரும்பி வந்தபோது மேல் அலகில் பாதிக்கு மேல் இல்லை. கீழ் அலகு மட்டும் கரண்டியைப் போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நாக்கு திறந்து கிடந்தது. மார்பு இறகெல்லாம் ரத்தம்.

கோழியைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன்.

“கல்லு வுட்டீங்களா?”

“நான் எதுக்குங்க வாத்தியாரே கல்லு வுடறேன்? கீரி கடிச்சிருக்குமுங்க.”

கீரி கழுத்தைக் கடிக்கும். அலகை மட்டும் கடித்துவிட்டுப் போகாது. பேசும்போது அவர் கண் என் சட்டைப் பொத்தானில் இருந்தது. பொய் சொல்லும் மாணவர்கள் பார்க்கிற இடம் அது. கல்லை நான் மன்னித்திருப்பேன். கீரியை மன்னிக்க முடியவில்லை.

கோழியை அட்டைப்பெட்டியில் வைத்து மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். இளைஞர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “சார், மசாலா அரைச்சாச்சுங்களா?” என்றார். நான் சிரிக்காததைக் கண்டு வாயைத் திறந்து பார்த்தார். “நுனி மட்டும் போயிருந்தா நகம் மாதிரி வளந்துரும். இது எலும்போட போயிருக்கு சார். வளராது. ஊட்டித்தான் வளத்தணும். தெனமும் யாரு ஊட்டறது?”

“நான்” என்றேன்.

அப்போது எனக்கு வேண்டியிருந்தது உயிருள்ள ஒரு சாட்சி. கோழி செத்துப்போனால் அவர் இரண்டு நாளில் மறந்துவிடுவார்.

முதல் பத்து நாள் மடியில் வைத்து ஊட்டினேன். கேழ்வரகு மாவைக் கெட்டியாகக் கிளறி, வேகவைத்த முட்டையும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்து, சுண்டு விரல் நுனி அளவு உருட்டி நாக்குக்குப் பின்னால் வைக்க வேண்டும். தண்ணீர்தான் ஆபத்து. அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். தலையைத் தாழ்த்திப் பிடித்துக் கீழ் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே தலையைத் தூக்கி விழுங்கிக்கொள்ளும். பிறகு தானாகத் தின்னக் கற்றுக்கொண்டது. தட்டில் வைத்தால் தீனியைத் தள்ளிக்கொண்டே போகும், ஒரு வாய்கூட உள்ளே போகாது. நாலு விரல் ஆழமுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் நிறைய வைத்தால் அலகைப் புதைத்து அள்ளிக்கொள்ளும். மேலே தேய்க்க ஒன்றும் இல்லாததால் கீழ் அலகு வளர்ந்துகொண்டே போனது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரத்தால் ராவினேன். இறகு கோத முடியாமல் பேன் பிடித்தது. வேப்பிலைப் பொடியும் சாம்பலும் கலந்து இறகுக்கு அடியில் தேய்த்தேன்.

“நாப்பத்தஞ்சு வருசத்துல எனக்கு ஒருக்கா ஊட்டியிருப்பீங்களா?” என்றாள் என் மனைவி.

“உனக்கு வாய் நல்லா இருக்குதே.”

“ஆமா, அது ஒண்ணுதான் என்னோட கொறை.”

இத்தனையும் நான் வீட்டுக்குள் செய்யவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை வேலி ஓரம் கொண்டுபோய்ப் போட்டு, அவர் வீட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்து செய்தேன். காலையில் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம், சாயங்காலம் பால் கறக்கும் நேரம். அவர் பார்க்கும்வரை உருண்டையைக் கையிலேயே வைத்திருப்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் கோழியின் வாயில் வைப்பேன். அவர் வேறு பக்கமாகச் சுற்றிக் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தார். நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

அது எனக்குப் போதவில்லை. காரணம், அவர் வீட்டுச் சேவல்.

மாசியில் அவர் மனைவிக்குத் தர்மபுரியில் வயிற்றுக்கட்டிக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. நல்லபடியாக எழுந்து வந்தால் ஆடியில் பொங்கல் வைத்து முனியப்பனுக்குச் சேவல் கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, காலில் மஞ்சள் துணி கட்டி ஒன்றை விட்டிருந்தார்கள். நேர்ந்துவிட்ட சேவலை எங்கள் பக்கத்தில் யாரும் அடைப்பதுமில்லை, விரட்டுவதுமில்லை. யார் காட்டில் மேய்ந்தாலும் சாமி மேய்கிறது என்று விட்டுவிடுவார்கள். அது தினமும் வேலி தாண்டி வந்து, என் கோழியை விலக்கிவிட்டு அதன் கிண்ணத்திலேயே தின்றது. அவர் சேவல் சாமி, என் கோழி களவாணி. கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற அந்த உடைந்த மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஆனி கடைசியில் ஒருநாள் அவர்கள் இருவரும் டாக்டரைப் பார்க்கத் தர்மபுரிக்குப் போனார்கள். என் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நல்ல உச்சிவெயில். சேவல் வழக்கம்போல் கிண்ணத்துக்கு வந்தது. யாரும் பிடித்துப் பழகாத சேவல், அதனால் ஓடவும் அதற்குத் தெரியவில்லை. தூக்கி மடியில் வைத்தேன். கோழியை வைத்த அதே மடி, அதே பிடி. எலுமிச்சைச் செடிக்குக் கவாத்து செய்யும் கத்தரி கையில் இருந்தது. நுனியை வெட்டினால் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னது நன்றாக நினைவிருந்தது. அதனால் நுனியில் வெட்டவில்லை. கோழியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே அளவுக்கு வெட்டினேன்.

உடனே மஞ்சள் தூளை அழுத்தி ரத்தத்தை நிறுத்தினேன். அது சாகக்கூடாது. செத்தால் வேறு சேவல் வாங்கி விட்டுவிடுவார். ஊனப்பட்ட சேவலைச் சாமிக்குக் கொடுக்க முடியாது. சாமிக்கு விட்டதை வீட்டிலும் அறுக்க முடியாது, விற்கவும் முடியாது. அவரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். வேலியோரம் நிற்காமல், பல நாளைக்குப் பிறகு வாசல் வழியாகவே வந்தார். துண்டுக்குள் சேவல்.

“வாத்தியாரே, இதப் பாருங்க.”

“அடடா” என்றேன். பிறகு, எழுதக் கை கூசுகிறது, “கீரியா?” என்று கேட்டேன்.

அவர் அப்படியே குந்திவிட்டார். “கீரி இல்லீங்க. அன்னிக்கு உங்க கோழிய நான்தானுங்க அடிச்சேன். வெரட்டத்தான் கல்லு வுட்டேன், மூக்குல பட்டுருச்சு. நீங்க கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டனுங்க. முனியப்பன் அதே எடத்துல திருப்பிக் குடுத்துட்டான். அளந்து எடுத்தாப்புல இருக்குது பாருங்க.”

நான் பார்த்தேன்.

“நீங்க மன்னிச்சீங்கன்னாத்தான் அவன் மன்னிப்பானுங்க.”

“வுடுங்க, பரவால்ல” என்றேன்.

“இதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க வாத்தியாரே. எங்களுக்கு ஊட்டத் தெரியாது. உங்க கைதான் ராசியான கை.”

சேவலை வாங்கிக்கொண்டேன். அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். இப்படி ஒரு பழிவாங்கல் யாருக்கும் வாய்க்காது என்று தோன்றியது. அடிபட்டவன் தானே வந்து அடித்தவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். சாட்சி சாமி. மூன்று நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

நாலாம் நாள் என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள். அந்த அம்மாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த பரிசோதனைக்கும் போகப்போவதில்லையாம். “சாமியே வேண்டாம்னு மூக்க அறுத்துட்டுது, டாக்டர் என்ன பண்ணுவாரு” என்றாராம். வேறு சேவல் வளர்த்துக் கொடுத்தால் போதும் என்று பூசாரி சொல்லியும் கேட்கவில்லை. சாப்பாடும் அரை வயிறுதான். கட்டி திரும்ப வரப்போகிறது என்று முடிவு செய்து, பீரோச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டாராம்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் சொல்லவில்லை. பயம் தானாகத் தெளிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் ஒருநாள், சேவலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியிடம் கெஞ்சுவது கேட்டது. “ஒரே ஒரு மாத்திர, ஆத்தா. எனக்கோசரம்.” குரல் உடைந்திருந்தது. எனக்கு அது இனித்தது. அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பது தெரிந்தேதான் இனித்தது. இந்த வயதில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றில் மோசமானது இதுதான்.

என் மனைவி ஒரு காலையில் கத்தரியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“கவாத்து பண்ணினா மண்ணும் பிசினுமா அப்படியே போட்டு வெப்பீங்க. இத மட்டும் கழுவித் தொடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்கீங்க. எதுக்குங்க?”

கத்தரியைத் தள்ளி வைத்தேன்.

“நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போவட்டுமா?”

கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த அம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். என்றைக்கு, எப்படிப் பிடித்தேன், எங்கே வெட்டினேன், ஏன் வெட்டினேன், எல்லாவற்றையும். கத்தரியைக் கீழே வைத்தேன்.

அந்த அம்மாள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

“சாமி செய்யலீங்களாண்ணா?”

“இல்லைம்மா. நான்தான்.”

“நெசமா? இவரு சொல்லிக் குடுத்து, என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்களா?”

“நெசம். இந்தக் கத்தரிதான்.”

“மனுசன் செஞ்சதுதானா?” என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். என்னைத் திட்டவில்லை. நான் அங்கே நிற்பதே அவருக்கு மறந்துவிட்டது. “ஏங்க, அந்த மாத்திர டப்பா எங்க வெச்சீங்க?” என்று கணவரைப் பார்த்துக் கேட்டார்.

அவர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், மனைவி விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்க கால்ல வுழாத கொறையா மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கிட்டு நின்னீங்க” என்றார். “படிச்சவரு நீங்க.” பிறகு, “எஞ்சேவலக் குடுத்துருங்க” என்றார்.

கொடுத்துவிட்டேன். கத்தரியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. அந்த அம்மாள் பரிசோதனைக்குப் போய்வந்ததையும், எல்லாம் நன்றாக இருப்பதையும் என் மனைவி மூலமாகத்தான் கேட்டேன். மோர் இப்போது வருவதில்லை. புதிதாக ஒரு சேவல் விட்டிருக்கிறார்கள், காலில் மஞ்சள் துணியுடன். நேர்ந்துவிட்டதை யாரும் அடைப்பதில்லை என்றேன் அல்லவா? அவரும் அடைக்கவில்லை. என் பக்கம் மட்டும் அது வராமல் வேலி நெடுகக் கல்லடுக்கி முள் போட்டிருக்கிறார். மற்ற மூன்று பக்கமும் திறந்துதான் கிடக்கிறது.

காலையில் நாற்காலியைப் போட்டுக் கோழியுடன் உட்காருகிறேன். அவரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கு நேர் எதிரே போட்டு, அலகில்லாத சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பார்க்கும்வரை காத்திருக்கிறார். எழுந்து போய்விடலாம். போவதில்லை. இப்படிக் காத்திருக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

முதல் நாள் தண்ணீர் கொடுக்கும்போது சேவலின் கழுத்தை அண்ணாந்து பிடித்து ஸ்பூனால் ஊற்றினார். அது இருமி உதறியது. மறுபடியும் ஊற்றப் போனார்.

“தலையத் தாழ்த்திப் புடிங்க” என்றேன். “ஓரத்துல ஒரு சொட்டு.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றுவரை மாறவில்லை. சேவலின் தலையைத் தாழ்த்தினார்.