தரை டிக்கெட் நாறும்பூ

தென்காசியில் நாறும்பூநாதன் வீடு எது என்று கேட்டால், எந்த நாறும்பூநாதன் என்று திருப்பிக் கேட்பார்கள். டிக்கெட் நாறும்பூ என்றால் உடனே கை காட்டுவார்கள். காட்டிவிட்டு இரண்டு வசவும் சேர்த்துச் சொல்வார்கள். அவரை நல்ல மனிதர் என்று நிரூபிக்க நான் இதை எழுதவில்லை. என் வாயாலேயே அவரைப் பலமுறை திட்டியிருக்கிறேன். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷத்துச் சாரலில் நடந்த அந்தக் கச்சேரிக்கு ஊர் அவரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. அது சரியில்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

குற்றாலம் ரோட்டில் இருந்த ஓலைக் கொட்டகைக்கு எதிரே சோடாக் கடை வைத்திருந்தவன் நான். அதனால் நாறும்பூவின் தொழில் முளைத்ததும் வளர்ந்ததும் என் கண் முன்னால்தான். முதலில் அவருக்கு நோட்டீஸ் போடும் வேலை. குதிரை வண்டியின் முன்பக்கம் ஒருவன் தமுக்கு அடிக்க, பின்பக்கம் இவர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாடக நோட்டீஸை வீசிக்கொண்டே போவார். இருபத்தொன்பதிலோ முப்பதிலோ, குற்றாலத்துக்குச் சாரல் அனுபவிக்க வந்த ஒரு பண்ணையார், மூன்று வேளையும் அருவியில் குளித்து, அந்த அலுப்பில் வரிசையில் நிற்க முடியாதென்று இவரிடம் காசைக் கொடுத்து நாலு நாற்காலி டிக்கெட் வாங்கி வரச் சொன்னார். வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்ததற்கு எட்டணா கிடைத்தது. ஒரு வாரம் நோட்டீஸ் போட்டால் கிடைக்கிற காசு அது.

அன்றோடு நோட்டீஸ் வேலை முடிந்தது. சாரல் மாதங்களில் ஒரு வாடகை சைக்கிளில் குற்றாலத்துப் பங்களாக்களுக்கும் தென்காசிக் கொட்டகைக்குமாக அலைந்தார். முதலில் அவர் கேட்டது நின்ற கூலி மட்டும்தான். அப்புறம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, கவுண்டர் மூடிய பிறகு விலை சொல்ல ஆரம்பித்தார். பணக்காரர்களின் நாற்காலி டிக்கெட்டோடு நின்றவரை யாருக்கும் வருத்தமில்லை. பிறகு தரை டிக்கெட்டிலும் கை வைத்தார். ஆண்கள் வரிசையில் நாலு வண்டிக்காரர்களையும் பெண்கள் வரிசையில் அவர் மனைவி உலகம்மாளோடு பீடி சுற்றுகிற பெண்களையும் நிறுத்தி மொத்தமாக வாங்குவார். ஏன் இப்படி ஏழைகள் வயிற்றில் அடிக்கிறீர் என்று ஒரு நாள் கேட்டேன்.

“வேய் அய்யாத்துரை, நீரு தண்ணிய விக்குதீரு. நான் கால்வலிய விக்குதேன். என்ன வித்தியாசம்?” என்றார்.

விலை ஏறியது அவரால் மட்டும் என்று சொன்னால் அது பொய். நான் கடை போட்ட புதிதில் தரை டிக்கெட் ஒன்றரை அணா. யுத்தம் வந்தது, கேளிக்கை வரி வந்தது, பெட்ரோமாக்ஸுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அணா ஏறி, ஆறணாவில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறியதெல்லாம் நாறும்பூ ஏற்றியது.

இந்த மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. வாசுதேவநல்லூர் வடிவம்மாள். நம் பக்கத்து ஊரில் பிறந்து மதுரைக்குப் போய் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, வள்ளி வேஷம் கட்டிப் பாடியவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கு ஒரு சொல் சிதறாமல் கேட்கும் குரல் அவருக்கு. வடிவம்மாள் பாடுகிற நாளில் நாறும்பூ தனக்கென்று ஒரு தரை டிக்கெட்டை எடுத்து மடியில் செருகிவிடுவார். எவ்வளவு கொடுத்தாலும் அதை விற்க மாட்டார். ஆட்டம் தொடங்குகிற மூன்றாம் மணி அடித்ததும் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அழுதுகொண்டே கேட்பார் என்று பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பேசும் படம் வந்தது. நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கொட்டகையில் திரை கட்டிப் படம் ஓட்டினார்கள். வடிவம்மாள் ஆறு வருஷம் தென்காசிப் பக்கமே வரவில்லை. நாற்பத்து மூன்று ஆடியில், படம் வந்து சேராத ஒரு வெள்ளிக்கிழமைக்கு, கொட்டகைக் காண்டிராக்டர் அவரைப் பாட்டுக் கச்சேரிக்கு அழைத்தார். அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. அன்று தரை நிறைந்தால் சாரல் முடியும் வரை வாரம் ஒரு கச்சேரி. செங்கோட்டையிலும் ஏற்பாடு செய்வார். நிறையாவிட்டால் அதோடு சரி. அந்த அம்மாளுக்கு வேறு எந்த ஊரிலும் அழைப்பு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த வெள்ளிக்கிழமை தென்காசி என்ன செய்கிறதோ, அதுதான் அவருடைய பாட்டுக்கு முடிவு.

வியாழக்கிழமை கவுண்டர் திறந்த ஒரு மணி நேரத்தில் தரை டிக்கெட் தீர்ந்துவிட்டது. நானூறில் முந்நூற்று இருபது நாறும்பூ கையில். என் கடையில் உட்கார்ந்து கட்டுக் கட்டாக நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன விலை சொல்லப் போறீரு?” என்றேன்.

“பன்னெண்டணா.”

“நாத்து நடுத பொம்பளைக்கு நாள் முழுக்கக் குனிஞ்சாலும் ஆறணா கெடைக்காது, தெரியும்லா?”

“சினிமாவுல ஆடுதவளுக்குக் குடுக்கான்லா? இந்தம்மா பாட்டுக்குக் குடுக்க மாட்டானா? குறைச்சு வித்தா அந்தம்மாவுக்குத்தான் கேவலம்.”

அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பேராசையாக மட்டும் இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெல்லிய சாரல். ஆறு மணிக்கெல்லாம் கொட்டகை வாசலில் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். வயலிலிருந்து நேராக வந்தவர்கள், வண்டிக்காரர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள். கவுண்டர் விலையான ஆறணாவை மடியிலும் முந்தானையிலும் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். பன்னிரண்டணா என்றதும் யாரும் சண்டை போடவில்லை, ஒதுங்கி நின்றார்கள். மூன்றாம் மணி அடித்ததும் நாறும்பூ விலையை இறக்குவார் என்பது ஊருக்குத் தெரிந்த வழக்கம். மற்ற ஆட்டங்களுக்கு எப்போதும் அப்படித்தான் செய்வார். வடிவம்மாள் கச்சேரிக்கு இறக்குவதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தது கூட்டத்துக்குத் தெரியாது. முதல் மணி அடித்தது. இரண்டாம் மணி அடித்தது. அவர்கள் இவர் இறங்கட்டும் என்று நின்றார்கள். இவர் அவர்கள் வரட்டும் என்று நின்றார். மூன்றாம் மணியும் அடித்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அந்தக் குரல் ஆறு வருஷத்தில் கொஞ்சமும் தேயவில்லை. ஓலைத் தட்டியைத் தாண்டி ரோட்டுக்கே வந்தது. வாசலில் நின்ற கூட்டம் சத்தமில்லாமல் தட்டியோரமாக நகர்ந்தது. நானும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய் நின்றேன்.

தட்டியோரம் நின்று கேட்பதற்கு எங்கள் ஊரில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. மூச்சு விடக் கூடாது. வாயைத் திறந்து பலே என்றாலோ கையைத் தட்டினாலோ, காவல்காரன் குத்தாலிங்கம் பிரம்போடு சுற்றி வந்து எல்லோரையும் ரோட்டுக்கு விரட்டிவிடுவான். சும்மா நின்றால் அவனும் கண்டுகொள்ள மாட்டான். அதனால் ஐந்நூறு பேரும் மழையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு, கல்லாய் நின்று கேட்டோம்.

நாறும்பூவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடி வந்தார். “எட்டணாவுக்குத் தாரேன்” என்று காதோரமாகக் கெஞ்சினார். “அஞ்சணா… மூணணா…” ஒரு வண்டிக்காரர், “இங்கனயே நல்லாத்தான கேக்குது அண்ணாச்சி” என்றார். கடைசியில் கட்டைப் பிரித்து, “சும்மா தாரேன், உள்ள போங்கய்யா, தரை காலியாக் கெடக்கு” என்று ஒவ்வொருவர் கையிலும் திணித்தார். ஒருவரும் வாங்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் ரோஷத்தை என்னவென்று சொல்ல. தட்டியோரம் நின்று ஓசியில் கேட்பார்கள். டிக்கெட் நாறும்பூ ஓசியில் கொடுக்கிற சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போவது மட்டும் மானக்கேடு. என்னிடமும் நீட்டினார். “நீருதான விலை ஏத்துனீரு, நீரே போய் உக்காரும்” என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சினிமாவுக்காக மாற்றிய கொட்டகை அது. தரைதான் முன்னால், பெஞ்சும் நாற்காலியும் பின்னால் இருட்டில். பாடுகிறவர் கண்ணைத் திறந்தால் தெரிவது மணல். அன்று அந்த மணலில் எழுபது எண்பது பேர் இருந்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு வடிவம்மாள் பாடினார். ஒரு பாட்டைக்கூடச் சுருக்கவில்லை. மங்களம் பாடி முடித்தபோது உள்ளே கொஞ்சம் கைதட்டல் கேட்டது. வெளியே நாங்கள் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் கலைந்தோம். நாறும்பூ அன்று உள்ளே போகவில்லை. மடியில் செருகிய டிக்கெட் செருகியபடியே இருக்க, வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காண்டிராக்டருக்கு டிக்கெட் விற்ற காசு முழுதாக வந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னது: “இன்னைக்கு நாறும்பூ கையைச் சுட்டுக்கிட்டான். அடுத்த வாரம் எவன் வாங்குவான்? ஊரு காசு குடுத்துக் கேக்கத் தயாரா இல்ல.”

மறுநாள் காலை வடிவம்மாள் ரயிலேறப் போகிறார் என்று தெரிந்ததும் உலகம்மாள்தான் புருஷனைப் பிடித்துத் தள்ளினாள். “வெளிய எத்தனை பேர் நின்னாவன்னு போயிச் சொல்லிட்டு வாங்க. நீங்க செஞ்சதையும் சொல்லுங்க” என்றாள். நான் ஸ்டேஷனுக்குக் கலர் சோடா போடப் போயிருந்தேன். பிளாட்பாரத்தில் அந்த அம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. நாறும்பூவை அடையாளம் கண்டுகொண்டார்.

“நோட்டீஸ் போடுவீயளே, அந்த அண்ணாச்சிதான? நல்லா இருக்கீயளா? நேத்து வந்திருந்தீயளா?”

“வந்திருந்தேம்மா.”

“உள்ளதைச் சொல்லுங்க. என் பாட்டு கெட்டுப் போச்சா?”

நாறும்பூ வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு, “மழைம்மா. மழையினாலதான் ஆளு வரல” என்றார்.

“மழையா?” அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். “நம்ம பக்கத்து சனம் சாரலுக்கு என்னைக்கு அண்ணாச்சி பயந்திருக்கு?”

வண்டி வந்தது, ஏறிக்கொண்டார். நானும் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது. காசு கொடுக்காமல் நின்று கேட்டவன் என்று என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். வீட்டுக்குப் போய் நாறும்பூ எல்லாம் சொல்லிவிட்டதாக உலகம்மாளிடம் பொய் சொன்னார்.

அதன் பிறகு அவர் கொட்டகைப் பக்கம் வரவில்லை. ஒரு மரக்கடையில் கூலி வேலைக்குச் சேர்ந்து அறுவை மரம் சுமந்தார். ஆளைப் பார்த்தால் பத்து வயது கூடித் தெரிந்தது. வடிவம்மாள் பாட்டையே விட்டுவிட்டு ராயகிரியில் தங்கை வீட்டில் இருப்பதாகப் பேச்சு வந்தது. தாலாட்டுக்கூடப் பாடுவதில்லையாம். நாற்பத்தாறில் ஒரு நாள் நாறும்பூ என் கடைக்கு வந்து, “ராயகிரிக்குப் போகணும். ஒத்தையில சொன்னா நம்ப மாட்டாவ. நீரும் வாரும்” என்றார். நான் போனேன்.

மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய ஒரு சின்ன வீடு. வடிவம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நாறும்பூ கீழே உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டிக்கெட்டை மொத்தமாக வாங்கியது, இரட்டை விலை சொன்னது, ஐந்நூறு பேர் வெளியே நனைந்துகொண்டு நின்றது, ஸ்டேஷனில் பொய் சொன்னது. சொல்லும்போதே அழுதார். பைக்குள்ளிருந்து அந்தப் பழைய டிக்கெட் கட்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

அந்த அம்மாள் ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை.

“விக்காத டிக்கெட்டுதான அண்ணாச்சி இது? ஆளு வரலன்னுதான இதுவும் சொல்லுது.”

“இல்லம்மா, நான் நின்னேன்” என்றேன் நான். “தட்டியோரம் ரெண்டு மணி நேரமும் நின்னேன். மங்களம் வரைக்கும் ஒருத்தரும் போகல. சத்தியமாச் சொல்லுதேன்.”

“அஞ்சூறு பேரா?”

“அஞ்சூறுக்குக் குறையாது.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நொடி ஏதோ வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

“பிடிச்சுத்தான் நின்னீயன்னா, அத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா ஒரு கை தட்டியிருக்க மாட்டிய?”

குத்தாலிங்கத்தையும் பிரம்பையும் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே ஜோடித்த கதையாகப் பட்டது. அவர் இடையில் மறிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு டிக்கெட் கட்டை நாறும்பூவின் பைக்குள் திரும்ப வைத்து, வாயைக் கட்டிக் கொடுத்தார்.

“இவ்வளவு தூரம் வந்து ஆறுதல் சொல்லுதீய. நல்ல மனசு ரெண்டு பேருக்கும்” என்றார். “இருங்க, காப்பி போடச் சொல்லுதேன்.”