கால் கூடை உப்பு

"எலும்பு டாக்டராக எனக்குப் பலம் போதுமா மேடம்?" என்று கேட்கிற பெண்பிள்ளைகளுக்கெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

எழுபதுகளின் நடுவில் சென்னையில் டாக்டர் படிப்பை முடித்திருந்தேன். எலும்பு அறுவைப் பிரிவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எலும்பை இழுத்துப் பொருத்த ஆம்பிளை பலம் வேண்டுமாம். பெண்ணுக்குப் பிரசவ வார்டுதான் லட்சணமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. விண்ணப்பத்தில் பிரிவின் பெயரைக் காலியாக விட்டு, அதைப் பையில் செருகிக்கொண்டு சொந்த ஊரான மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் உப்பளத்தில் அம்மாவிடம் சொல்லிப் பொருமினேன். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நின்றபடியே அம்மா சிரித்தாள். கூடை ஆடவில்லை. அந்த ஆளை இந்தக் கூடையை ஒரு நடை தூக்கிப் பார்க்கச் சொல் என்றாள்.

எங்கள் மேஸ்திரியிடம் ஒரு கெட்ட சட்டம் இருந்தது. உப்பு கோபுரமாகக் குவியாத கூடையைக் கொட்ட விடமாட்டார். குறைக்கூடை செல்லாது என்று திருப்பி அனுப்புவார். அன்றைக்கு லாரிக்கு ஆள் வராததால் அவரே ஒரு மூட்டையைத் தூக்கி வீசினார். மூட்டை மேலே போனது, தோள் மூட்டு நழுவி மனுஷன் கீழே உட்கார்ந்தார்.

நான் ஓடிப் போவதற்குள் மூன்று ஆண்கள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அலறல் கடல்வரை கேட்டிருக்கும். விடுங்கய்யா என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே பயமாகிவிட்டது. நாடி பார்த்தேன், விரல்களை அசைக்கச் சொன்னேன். லாரியின் பின்பக்கத்தில் அவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டில் அம்மாவின் சும்மாட்டுத் துணியைச் சுற்றி ஒரு கூடையைக் கட்டினேன். தொங்கும் கனத்தில் தசை தளர்ந்தால் மூட்டு தானே உள்ளே போகும்; இதை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். தோற்றால் பேராசிரியர் சொன்னதே சரியாகிவிடும்.

கால் கூடை உப்பு போடுங்கள் என்றேன். அம்மாவோடு உப்புச் சுமக்கும் பெண்களுக்குக் கை நிற்குமா? பழக்கதோஷத்தில் அள்ளி அள்ளிக் கோபுரமாகக் குவித்துவிட்டார்கள். மேஸ்திரி போட்ட கூச்சலில் நான் பாய்ந்து முக்கால்வாசியை வழித்துத் தள்ளினேன்.

"குறக்கூட செல்லாதுன்னு நீங்கதானே மேஸ்திரி சொல்வீங்க?" என்றாள் அம்மா, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு.

அவ்வளவுதான், பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கால் மணி நேரம் அந்தக் கூடை தொங்கியது. அவ்வளவு நேரமும் அவர் திருப்பியனுப்பிய கூடைகளைப் பற்றி ஒருத்தி மாற்றி ஒருத்தி சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. விறைத்திருந்த உடம்பு தளர்ந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். தோள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

டாக்டர் என்பதையே மறந்து குதித்தேன். அம்மா என் இடுப்பைப் பிடித்துச் சுற்றினாள், இரண்டு பேரும் உப்புத்தண்ணீர்ப் பாத்தியில் விழுந்தோம். அந்த ஈரக் கையோடேயே விண்ணப்பத்தில் 'எலும்பு' என்று எழுதினேன்.

நேர்முகத் தேர்வில் அதே பேராசிரியர். மை பரவியிருந்த அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தோளை இழுத்துப் போட உனக்குப் பலம் இருக்கிறதா என்றார்.

"எங்கம்மா தலையில முழுக் கூடை ஏறும் சார்," என்றேன். "தோளுக்குக் கால் கூடை போதும்."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

"கால் கூடைன்னா எத்தனை கிலோம்மா?"