பத்தாம் தலைமுறை டெப்பும் மச்சானின் ஆட்டோவும்

இங்கிலாந்தில் எதையும் பழசு என்று சொல்லமாட்டார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தொண்ணூற்றிரண்டு வயதுக்காரரைக்கூட 'இளமையான மனசு' என்பார்கள். யாரோ பாவித்து அலுத்து விற்ற சாமானைத் துடைத்து, புதுப் பெட்டியில் போட்டு, 'ரீஃபர்பிஷ்ட்' என்று கண்ணாடி அலுமாரியில் உட்கார வைத்திருப்பார்கள். ஏ, பி, சி என்று தரம் வேறு. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கித்துல்கல பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அக்கா செல்வி செய்யும் வேலையும் இதுதான். புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புள்ளி, குமிழி பார்த்து நம்பர் பிரிப்பாள். ஆனால் மூன்றாம் நம்பரை ஒன்றாம் நம்பர் என்று சொல்லிவிட்டு அவளால் தப்ப முடியாது.

அக்கா மகள் கௌசிக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது. அவள் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியலைத் தமிழில் படிப்பிக்க ஆள் இல்லை. வேறு ஊரிலிருந்து ஒரு சேர் மாலை நான்கு மணிக்கு ஸூமில் வகுப்பு எடுக்கிறார். வீட்டில் இருப்பதோ ஒரே ஃபோன். அது அக்கா புருஷன், மச்சானோடு ஆட்டோவில் போய்விடும்; ஹயர், அதுதான் சவாரி, கேட்டு ஆட்கள் பேசுவது அதில்தான்.

"பாதி கிளாஸுக்கு இவ இல்ல. யார் கொப்பியையோ வாங்கிப் பாத்து எழுதுறா. ஒரு டெப் அனுப்பேன்டி. பாஸ் பண்ணிட்டா கேம்பஸ் போயிருவா" என்றாள் அக்கா. பாஸ் பண்ணாவிட்டால் ஷீட் பிரிக்கத்தான் வருவாள் என்பதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

என் காசுக்கு இரண்டு டெப்லெட் கணினிதான் எட்டின: ஒன்பதாம் தலைமுறை, பத்தாம் தலைமுறை. ஒன்பதுக்கு முகத்தில் ஒரு வட்டப் பொத்தான், பழைய சார்ஜர் வாய். பத்துக்குப் பொத்தான் இல்லை, கொஞ்சம் பெரிய திரை, புது வாய். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் இரண்டையும் அக்கக்காகக் கழற்றி விளக்கிய வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அப்பா இவ்வளவு விசாரிக்கவில்லை.

கடைசியில் பத்தைக் கையில் எடுத்தேன். கடைக்காரப் பையன் பொறுமைசாலி. வீட்டில் வைஃபை எப்படி என்று கேட்டான். பிரமாதம் என்றேன். அப்படியானால் சிம் போடுகிற மாடல் தேவையில்லை, காசு மிச்சம் என்றான். தலையாட்டினேன். டெப் போகப்போவது எந்த வீட்டுக்கு, நான் நினைத்தது எந்த வீட்டை என்று அப்போது உறைக்கவே இல்லை. என் வாடகை அறையில் வைத்து, என் பெயரிலேயே பதிந்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்தேன். பறந்தது. ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் கொடுத்தனுப்பினேன்.

டெப் போய்ச் சேர்ந்த அன்று, மச்சான் வீட்டில் இருந்த நேரத்தில் கௌசி பேசினாள். "சித்தி, அம்மா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துச்சு. ஒரு புள்ளி இல்லையாம், நம்பர் ஒன்னாம்." பிறகு குரல் தணிந்தது. "சித்தி, சிம் போடுற எடம் எங்க இருக்குங்க?"

இந்த மாடலில் அந்த இடமே இல்லை என்றேன். லயத்துத் தொங்கல் காம்பராவில், வரிசையின் கடைசி ஒற்றை அறையில் பிறந்து, சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்று வளர்ந்தவள் நான். சுவரிலிருந்தே வைஃபை வரும் என்று நம்புகிற அளவுக்குப் பெரிய மனுஷியாகிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மச்சான்தான் அடுத்த நாள் நாலு மணிக்குக் கௌசியை ஆட்டோவின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவர் ஃபோனிலிருந்து இன்டர்நெட், டெப்பில் வகுப்பு. ஹயர் வந்தால் வகுப்பும் கூடவே போகும். ஒருநாள் மரக்கறிப் பையோடு ஏறிய சிங்கள அம்மா ஒருவர், "இகெனகன்ன துவ", படி மகளே, என்று சொல்லிவிட்டு, ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாராம். இறங்கும்போது, சேர் ரொம்ப வேகமாகப் பேசுகிறார் என்று குறையும் சொன்னாராம்.

அங்கே நாலு மணியாகும்போது, இங்கே பதினொன்றரை மணித் தேநீர் நேரத்தில் நான் ஃபோனை எடுத்துப் பார்ப்பேன். என் பெயரில் பதிந்ததால், டெப் எங்கே இருக்கிறது என்று ஒரு நீலப் புள்ளி காட்டும். புள்ளி ஸ்டாண்டிலிருந்து கிளம்பும், பாலம் தாண்டும், யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பும். வகுப்பு முடிந்ததும் தோட்டத்துப் பாதையில் ஏறும். வரைபடத்தில் எங்கள் லயத்துக்குப் பேர் இல்லை, வெறும் பச்சை. ஆனால் எந்த முடக்கில் டயர் சறுக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே ஒரு வரி தினமும் வரும்: 'உங்கள் சாதனம் வீட்டிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. தொலைந்துவிட்டதா?' பதியும்போது வீடு என்ற கட்டத்தில் இந்த வாடகை அறையின் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தேன்.

நேற்றும் புள்ளி பச்சைக்குள் ஏறி நின்றது. டெப் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தொலைந்துவிட்டதா என்று ஃபோன் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.