அப்பா மேல் இல்லாத கோபம்

தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த கவுன்சலிங் டிப்ளமோ வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தோரு வயது. பம்மலில் ஒரு தோல் பை கம்பெனியில் ஆபீஸ் வேலை. அதிலிருந்து வெளியே வர ஒரு வழி வேண்டும் என்றுதான் சேர்ந்தேன்.

மனசை மூன்றாகப் பிரித்துப் போர்டில் எழுதினார் பேராசிரியர். கேட்டது உடனே வேண்டும் என்று அடம்பிடிக்கும் இச்சை. கூடாது என்று அதட்டும் மனசாட்சி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சமாளிக்கும் 'நான்'. எனக்குப் பிடித்திருந்தது. வீட்டிலும் ஆபீசிலும் அந்த மூன்றாவது வேலையைத்தானே பார்க்கிறேன்.

ஒரு வாரம், மறக்க முடியாத கோபம் ஒன்றைச் சொல்லச் சொன்னார். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு கேட்டபோது மேனேஜர் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, "ஆஸ்பத்திரின்னு லீவு, சாவுன்னு லீவு, இப்ப இதுக்குமா? உங்க அப்பாவுக்கு இன்னும் எத்தனை நாள்தான் வேணும்?" என்று கேட்டதைச் சொன்னேன்.

பேராசிரியர் தலையசைத்தார். "உங்க கோபம் மேனேஜர் மேல இல்லம்மா. அப்பா மேல. அத ஒத்துக்க முடியாம இவர் மேல திருப்பி விட்டிருக்கீங்க."

என் அப்பா என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. டைப்ரைட்டிங் பரீட்சைக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில் கூட்டிப்போய், முடியும்வரை வெயிலில் நின்றவர். அப்படி இல்லை சார் என்றேன். மறுக்கிறீர்கள், அதுவே அடையாளம் என்றார். பின்வரிசையில் யாரோ அதைக் குறித்துக்கொண்டார்கள்.

"ஆமான்னாலும் நீங்க சொன்னது சரி, இல்லன்னாலும் சரி. அப்போ எப்பதான் சார் நீங்க தப்பாவீங்க?"

அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்: எதிர்ப்பு.

வீட்டுக்கு வந்ததும், கழுவாத டிபன் பாக்ஸுக்காக மகளிடம் கத்தித் தீர்த்தேன். நான் என்னம்மா பண்ணேன் என்றாள். அப்போதுதான் உறைத்தது, அது பேராசிரியர் மேல் வந்த கோபம் என்று. கோபம் ஆள் மாறி இறங்கும் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆளைத்தான் தப்பாகச் சொல்லியிருந்தார். அவர் பாடத்தை என் மகளிடமே நடத்திக் காட்டிவிட்டேனே என்று இன்னும் எரிச்சல் வந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் நேரே மேனேஜர் அறைக்குப் போய், அன்று நீங்கள் கேட்டது தப்பு என்றேன். அவருக்கு நினைவே இல்லை. எடுத்துச் சொன்னதும் சிரித்தார்.

"அதயா இன்னும் மனசுல வச்சிருக்கீங்க?"

"ஆமா சார். வச்சிருக்கேன்."

சிரிப்பு நின்றது. மன்னிப்பு வரவில்லை. டிப்ளமோவை முடித்தேன், வேறு வேலைக்கும் போய்விட்டேன். அந்தக் கோபம் மட்டும் போகவில்லை. அது மேனேஜர் மேல்தான். அதற்கு அடியில் வேறு எதுவும் இல்லை.